ஒன்றும் வெடிக்காத நாள்

ஆமத்தூர் காலனியில் பெண்டாட்டிக்குப் பூ வாங்கிக்கொண்டு போகிறவன் என்று பேர் எடுத்தவன் கோட்டைச்சாமி ஒருவன்தான். அந்தப் பேரில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமிதம் உண்டு. மற்ற ஆம்பளைகளெல்லாம் பெண்டாட்டியைச் சோறாக்குகிறவளாகப் பார்க்கிறார்கள், தான் ஒருத்தன்தான் அவளைப் பெண்ணாகப் பார்க்கிறோம் என்று முப்பத்தாறு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தான். மறுத்துப் பேச ஆள் இல்லாததால் அந்த நம்பிக்கைக்கு ஒரு சேதாரமும் வரவில்லை.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவனுக்கு மருந்துக் கலவை ரூமில் வேலை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றையும் சலித்துக் கலக்க வேண்டும். கம்பெனியிலேயே கூடுதல் சம்பளம் அந்த ரூமுக்குத்தான். ஏன் கூடுதல் என்று யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை. சாயங்காலம் வெளியே வரும்போது சாமிக்கு வெள்ளிக் கவசம் சாத்திய மாதிரி உடம்பெல்லாம் மினுங்கும். எவ்வளவு நார் போட்டுத் தேய்த்தாலும் காதுமடலுக்குப் பின்னாலும் நகக்கண்ணிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அவன் பெண்டாட்டி குருவம்மாளும் முன்பு அதே கம்பெனியில் திரி சொருகிக்கொண்டிருந்தவள்தான். கல்யாணமான மறுவாரமே நின்றுவிட்டாள். அந்த வட்டாரத்தில் புருசனும் பெண்டாட்டியும் ஒரே கம்பெனிக்கு வேலைக்குப் போவதில்லை. பிள்ளைகளுக்கு யாராவது ஒருத்தர் மிஞ்ச வேண்டும் அல்லவா. பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே அதையெல்லாம் யோசித்து வைத்துவிடுவார்கள். அவள் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்து, தினசரிக் காலண்டருக்குத் தாள் அடுக்கிப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

இனி பூ விசயத்துக்கு வருவோம். கோட்டைச்சாமி வாராவாரம் பூ வாங்குகிறவன் இல்லை. வருசத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை. எங்காவது ஒரு கம்பெனி வெடித்துப் புகை ஏறினால், அக்கம்பக்கத்துக் கம்பெனிகளிலும் ஆட்களை மதியமே அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வருகிற நாளில் அவன் கால் தானாக மாடத்தியின் பூக்கடைக்குப் போகும். நாலு முழம் மல்லிகைப் பூ, கால் கிலோ சாத்தூர் சேவு. காலையில் பார்த்துப் பேசிய ஆள் அடையாளம் தெரியாமல் கிடப்பான். இவனுக்கோ உள்ளங்காலிலிருந்து ஒரு சூடு ஏறும். நாம் பிழைத்துவிட்டோம் என்பதைப் புத்திக்கு முந்தி உடம்பு தெரிந்துகொண்டு திருவிழா எடுக்க ஆரம்பித்துவிடும். இதற்கு அவன் வைத்திருந்த பேர் பாசம்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. காலனியே அப்படித்தான் இருந்தது. வெடித்த நாளில் வீடுகளில் விளக்கு சீக்கிரம் அணையும். பத்து மாசம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா, பிரசவத்துக்கு வரிசையாக வந்து நிற்கிற பெண்களைப் பார்த்து, இதெல்லாம் எந்தக் கம்பெனி என்று கேட்பாள். அவர்களும் வெட்கப்படாமல் சரியாகச் சொல்வார்கள்.

இரண்டாயிரத்து ஏழு, ஆடி மாசம். கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒரு ரூம் போய்விட்டது. நாலு பேர். அதில் சங்கரலிங்கம் என்பவன் கோட்டைச்சாமிக்குப் பத்து வருசப் பழக்கம். அன்று காலையில்கூட டீக்கடையில் வடையைப் பிய்த்து இவனுக்குப் பாதி கொடுத்திருந்தான். கோட்டைச்சாமி வேலியோரம் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் பொய்யில்லை. பிறகு ஆமத்தூர் வந்து இறங்கி மாடத்தியிடம் நாலு முழம் பூ வாங்கினான். அதிலும் பொய்யில்லை.

வீட்டில் குருவம்மாள் பூவை வாங்கவில்லை. சேவுப் பொட்டலத்தையும் வாங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து, அட்டைக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த சில தேதித் தாள்களை உருவினாள். பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவள், தேதித் தாளைக் கசக்கிப் போட மாட்டாள் என்றுதான் அவன் அதுநாள்வரை நினைத்திருந்தான். அவள் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள். இது திருத்தங்கல் ரோட்டுக் கம்பெனி வெடித்த நாள். இது மின்னல் விழுந்து குடோன் போன நாள். இது லோடு ஏற்றும்போது லாரி எரிந்த நாள். எட்டுத் தாள். அவன் பூ வாங்கி வந்த எட்டு நாளும் அதில் இருந்தன. அவன் பூ வாங்கி வந்து எதுவும் வெடிக்காத நாள் என்று ஒன்றுகூட இல்லை.

"நம்ம ஓவியா உண்டானது இந்தத் தேதி" என்று ஒரு பழுப்புத் தாளைக் காட்டினாள். "ஏழு பேரு."

கோட்டைச்சாமி சேவுப் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"சாவு விழுந்தாத்தான் ஒங்களுக்குப் பொண்டாட்டி ஞாபகம் வருது, மாமா" என்றாள் குருவம்மாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவனுக்கு உறைத்தது. "ஒண்ணும் வெடிக்காத ஒரு நாள்ல எங்கிட்ட வாங்க. அதுவரைக்கும் ஓவியா நடுவுல படுத்துக்கிடட்டும். இந்தப் பூவ சங்கரலிங்கம் அண்ணன் வீட்டுல குடுத்துட்டு வந்துருங்க."

அவன் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஓவியா அன்றுமுதல் நடுவில் படுத்தாள். படுத்தவள் கை காலை நாலு திசைக்கும் விரித்து, அம்மா போட்ட வேலியை நன்றாகவே காத்தாள்.

ஒண்ணும் வெடிக்காத நாளுக்கா பஞ்சம், வருசத்தில் முந்நூற்றைம்பது நாள் அதுதானே என்று கோட்டைச்சாமி முதலில் அலட்சியமாக இருந்தான். பிறகுதான் சங்கடம் தெரிந்தது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நாளைக்கு எத்தனை பெட்டி ஆர்டர் என்று மனசு போனது. முதுகு வலித்தது. கொட்டாவி வந்தது. மழையில் நமுத்துப்போன வெடி மாதிரி உடம்பு சும்மா கிடந்தது. அடுத்த வாரம் இன்னொரு தந்திரம் செய்து பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு தான் செத்துப்போய்விட்டதாகவே நினைத்தான். பாடை கட்டுகிறார்கள், மேளம் வருகிறது, உடம்பில் சூடு ஏறும் என்று காத்திருந்தான். தன் சாவுக்கு யார் யார் வருவார்கள், யார் வராமல் சாக்குச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே குறட்டை விட்டுவிட்டான். தன் சாவுகூடத் தன்னை அசைக்கவில்லை, அடுத்தவன் சாவுதான் வேண்டியிருக்கிறது என்று மறுநாள் தன்னையே காறித் துப்பாத குறையாகத் திட்டிக்கொண்டான்.

பேக்கிங் செக்சனில் வேலை பார்க்கிற பாண்டிராஜிடம், யாருக்காகவோ கேட்கிற மாதிரி இதைக் கேட்டான். சும்மா ஒரு நாள், காரணமே இல்லாமல் பெண்டாட்டியிடம் போனதுண்டா என்று. பாண்டிராஜ் நெடுநேரம் யோசித்துவிட்டு, தீபாவளி லீவில் போயிருக்கிறேன் என்றான். அன்றைக்கு ஊர் பூராவும் வெடிச்சத்தம் கேட்குமே என்றான் கோட்டைச்சாமி. பாண்டிராஜ் அதற்கப்புறம் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

இதற்கு நடுவில் குருவம்மாளின் காலைப் பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஆறரைக்குக் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும்போதுதான் அவளுக்கு எல்லாக் குறையும் ஞாபகம் வரும். ஃபேன் சத்தம் போடுகிறது. குழாய் ஒழுகுகிறது. ரேசன் கார்டில் பேர் தப்பாக இருக்கிறது. நீங்கள் என்றைக்குத்தான் பார்ப்பீர்கள். ஒன்பது வருசமாக ஒரு காலையாவது அவள் சிரித்த முகமாக வழியனுப்பியதில்லை. அந்த வாரத்துக்குப் பின்வாசல் கதவு. அதன் கீல் கழன்று கதவு ஒருபக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவளிடம் சாதாரண நாளில் எப்படித்தான் ஆசை வரும் என்று அவன் தன் தோல்விக்கு அவளையே காரணமாக்கிக்கொண்டான். அதில் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தான்.

ஆனால் ரோசம் விடவில்லை. புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, கடவாய்ப் பல் வலி என்று போர்மேனிடம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, சீசன் நேரத்திலும் அரைநாள் பெர்மிசன் வாங்கிவிட்டான். எல்லாவற்றையும் முறைப்படி செய்வது என்று தீர்மானம். ஆசை தானாக வராவிட்டால் என்ன, பூ வாங்குவோம், குளிப்போம், பவுடர் பூசுவோம், பின்னாலேயே வந்து சேரும். டவுன் பஸ்ஸில் ஆமத்தூர் வந்து இறங்கும்போது மணி மூன்று. நேராக மாடத்தி கடைக்குப் போய் நாலு முழம் மல்லிகை கேட்டான்.

முழம் போட எடுத்த பூவோடு மாடத்தியின் கை அப்படியே நின்றது. புதன்கிழமை மூன்று மணி. கம்பெனி வேன் இல்லாமல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறான். பூ வாங்குகிறான். அவள் எழுந்தே விட்டாள்.

"எங்கனண்ணே?" என்று கேட்டாள்.

கோட்டைச்சாமிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பெண்டாட்டியிடம் சும்மா போகத்தான் பூ வாங்குகிறேன் என்று எந்த ஆம்பளையால் கடைத்தெருவில் நின்று சொல்ல முடியும். தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணுமில்ல தாயி" என்றான்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்த வட்டாரத்தில் வெடித்த சேதியை ஆம்பளைகள் பெண்களிடம் நேராகச் சொல்வதே கிடையாது. முதலில் தலையைக் குனிந்துகொண்டு ஒண்ணுமில்லை என்பார்கள். பெண்கள் அதைக் கேட்டதும் அலற ஆரம்பிப்பார்கள். இது கோட்டைச்சாமிக்கும் தெரியும், அவனே இரண்டு வீடுகளில் அப்படிச் சொல்லியிருக்கிறான். இருந்தும் அந்த நிமிசத்தில் தன் வெட்கம் மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. மாடத்தி பூவை அளக்காமலேயே அள்ளி இலையில் வைத்துக் கொடுத்தாள். அட, இன்றைக்கு நேரம் நன்றாக இருக்கிறது என்று சந்தோசமாக வீட்டுக்கு நடந்தான்.

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தான். வெள்ளை வேட்டி கட்டினான். கழுத்து வரைக்கும் பவுடர் பூசினான். குருவம்மாள் பிரஸ் விட்டு வர இன்னும் நேரமிருந்தது. பூவைத் தண்ணீர் தெளித்து வைத்துவிட்டு உடம்பைக் கவனித்தான். ஒரு சலனமும் இல்லை. வரும், வரும் என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது தெருவில் அழுகைச் சத்தம் கேட்டது.

வெளியே வந்தால் காலனிப் பெண்கள் அத்தனை பேரும் மெயின் ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ வெடித்துவிட்டது, நல்லவேளை, நான் பெர்மிசனில் வந்துவிட்டேன் என்று நினைத்தான். நினைத்த அந்தக் கணமே, இரண்டு மாசமாக எத்தனை கெஞ்சியும் வராத அந்தச் சூடு உள்ளங்காலிலிருந்து குபீரென்று ஏறியது. தெருவே அழுகிறது, தான் பவுடர் பூசிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் இந்த நிலையில் நிற்கிறோம். தன்னைவிடக் கேவலமான பிறவி விருதுநகர் ஜில்லாவிலேயே இருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

பக்கத்து வீட்டு அய்யம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவளை மறித்து, "எங்கனக்கா வெடிச்சது?" என்று கேட்டான்.

"நீங்கதான மாடத்திகிட்டச் சொன்னீக" என்றாள் அவள்.

ஏறிய சூடு ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டது. கோட்டைச்சாமி அவளோடு சேர்ந்து மெயின் ரோட்டுக்கு ஓடினான். எதுவும் வெடிக்கவில்லை, நான் சும்மாதான் பூ வாங்கினேன் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னான். ஒருத்தியும் நம்பவில்லை. அவன் சொல்லச் சொல்ல அழுகை கூடியதுதான் மிச்சம். பிறகு அவர்களுக்குத் தெரியாமலா போகும் என்று ஒதுங்கி நின்றபோதுதான் குருவம்மாள் ஞாபகம் வந்தது. சேதி திருத்தங்கல் வரைக்கும் போயிருந்தால்?

போயிருந்தது. யாரோ பிரஸ்ஸுக்குப் போன் போட்டிருந்தார்கள். போகிற வழியில் சேதிக்குக் கைகால் முளைத்து, கலவை ரூம் என்றும் ஆமத்தூர் ஆள் என்றும் ஆகியிருந்தது. ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. குருவம்மாள் இறங்கினாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இரண்டு கையிலும் பசை காய்ந்து தோல் உரிந்த மாதிரி இருந்தது. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. வெள்ளை வேட்டியும் பவுடருமாக நின்ற புருசனை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"பின்கதவு கீல மாட்டச் சொன்னேனே, மாட்டினீகளா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றான் கோட்டைச்சாமி.

அவள் தலையை ஆட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். வழியில் ஒரு இடத்தில் அவளுக்குக் கால் தடுமாறியது. பிடிக்கப்போனவனின் கையைத் தட்டிவிட்டாள்.

வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். எதற்காக இந்தக் கூத்து என்று கேட்டாள். அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். பல்வலி, பூ, மாடத்தி, வேப்பமரத்தடி வரைக்கும். வேப்பமரத்தடியில் நடந்ததை மறைத்திருக்கலாம். அன்றைக்கு அவனுக்கு எதையும் மறைக்கத் தெம்பு இல்லை.

"ஒங்களுக்கு வருசத்துல ஒருக்கா வெடிக்குது, மாமா" என்றாள் குருவம்மாள். "எனக்குத் தெனமும் காலைல ஆறரைக்கு வெடிக்குது. அந்த வேன் ஹாரன் கேட்டதும் வெடிக்கும். சாயங்காலம் திரும்ப அதே ஹாரன் கேக்குற மட்டும் ஒரே பொகைதான். நானும் ஒங்கள மாதிரி அதுக்கு ஆடிக்கிட்டிருந்தா இந்த வீட்டுல ஒல வைக்க முடியுமா?"

அப்படியென்றால் ஏன் காலையில் அந்த நேரம் பார்த்து அத்தனை ஏச்சு என்று கேட்டான்.

"ஒரு வேலையப் பாக்கி வச்சுத்தான் அனுப்புவேன். அத முடிக்கவாச்சும் திரும்பி வரணும்ல."

கோட்டைச்சாமிக்கு ஃபேன் ஞாபகம் வந்தது. குழாய், ரேசன் கார்டு, ஒன்பது வருசத்துக் காலைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. இத்தனை நாளும் நச்சரிப்பு என்று நினைத்து, வேனில் உட்கார்ந்து பாண்டிராஜிடம் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. வருசத்துக்கு நாலு முழம் பூ வாங்கிவிட்டுத் தன்னைப் பெரிய ஆசைக்காரன் என்று நினைத்துக்கொண்டதற்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஆட்டோல வரும்போது, ரெண்டு மாசமா பிள்ளைய நடுவுல போட்டு வச்சிட்டனேன்னுதான் அழுதுக்கிட்டு வந்தேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "வேற ஒண்ணும் தோணல. வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அதான் நெசம்."

"இன்னைக்கு ஒண்ணும் வெடிக்கலையே, புள்ள."

"ஒங்களுக்கு வெடிக்கல. எனக்கு வெடிச்சிருச்சு. அந்தப் பூவ இங்கன குடுங்க."

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஓவியா, அய்யம்மாள் வீட்டில் டிவி பார்க்க அனுப்பப்பட்டாள். கதவைச் சாத்தினார்கள். தொங்குகிற பின்கதவுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்கள். வழக்கமான அந்தத் திருவிழாச் சூடு கோட்டைச்சாமிக்கு வரவே இல்லை. அதற்குப் பதிலாக வேறு என்னவோ மெதுவாக வந்தது, அவசரமே இல்லாமல். அவள் இடது கட்டைவிரலில் காலண்டர்த் தாள் அறுத்த தழும்புகள் வரிசையாக இருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். ஒன்பது வருசமாக அந்தக் கை அங்கேதான் இருந்தது.

ஆறு மணிக்கு வேன்கள் ஒவ்வொன்றாக வந்தன. அத்தனை ஆம்பளைகளும் முழுசாக இறங்கினார்கள். எதற்காகத் தங்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று புரியாமல் முழித்தார்கள். விசயம் தெரிந்ததும் கோட்டைச்சாமியைத் தேடிவந்து ஏசியவர்கள் நிறையப் பேர், பாண்டிராஜ்தான் முதல் ஆள். அதற்கப்புறம் மாடத்தி அவனுக்குப் பூக் கொடுப்பதாக இருந்தால், எங்கேயும் எதுவும் வெடிக்கவில்லை என்று அவன் கடைத்தெருவில் உரக்கச் சொன்ன பிறகுதான் முழம் போடுவாள். பத்து மாசம் கழித்து நர்சம்மா, ஆமத்தூரிலிருந்து வந்த ஒன்பது பெண்களைப் பார்த்து வழக்கம்போல எந்தக் கம்பெனி என்று கேட்டாள். கம்பெனியில்லை, எங்கள் தெருவில் ஒருத்தர் பூ வாங்கினார் என்று சொல்லிவிட்டு அவர்கள் சிரித்தார்களாம். அந்த ஒன்பதில் குருவம்மாளும் உண்டு.

அதெல்லாம் பிறகு. மறுநாள் வியாழக்கிழமை காலையில் கோட்டைச்சாமி ஆறு மணிக்கே திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்கதவிடம் உட்கார்ந்தான். குருவம்மாள் டீயோடு வந்து பார்த்தாள். அவள் முகம் வாடியது. கதவும் சரியாகிவிட்டால் ஆறரைக்கு எதைச் சொல்லி அனுப்புவது என்று அவள் வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டுவது அவனுக்குத் தெரிந்தது. கீலுக்கு நாலு ஸ்க்ரூ. இரண்டை முடுக்கினான். ஹாரன் கேட்டது. மிச்சம் இரண்டையும் அவள் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து முடுக்குகிறேன் என்று சொல்லி வேனில் ஏறினான்.